களியக்காவிளை முதல் தக்கலை வரை: பூனைத் தட்டுக்கு ஆகும் சரக்கும் ஆகாத சரக்கும்

களியக்காவிளை மீன்சந்தை, குழித்துறை மார்த்தாண்டம் பக்கத்துக் கோழிக்கடைகள், தக்கலை வரை சாலையோரம் வரிசையாக நிற்கும் பேக்கரிகள், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை பலசரக்குக் கடைகள். இந்தத் தடத்தில் மனிதருக்கென்று விற்கும் சாமான்களில் எதைப் பூனைக்கு வைக்கலாம், எதை வைக்கவே கூடாது என்பதற்கான மதிப்பீடு இது. கடைக்கு மதிப்பெண் போடவில்லை, சரக்குக்குத்தான். அளவுகள் எல்லாம் 4 கிலோ எடையுள்ள, நோய் இல்லாத, வளர்ந்த பூனைக்கு. குட்டிக்கும் சினைப்பூனைக்கும் சிறுநீரகம் தளர்ந்த கிழப்பூனைக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தச் சந்தையில் பூனைக்கு நல்ல சரக்கு நிறைய உண்டு. அதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் அம்மியும் மிக்சியும்தான். அரைப்பு சேரும் முன்னால் தனியே எடுத்து வைத்த மீன்துண்டு பூனைக்கு உணவு. அதே துண்டு சட்டியில் கிடந்து உள்ளியும் (சின்ன வெங்காயம்) புளியும் ஏறி வெளியே வந்தால் வைக்கக் கூடாத பண்டம்.

கணக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி போதும். சத்து நிறைவான முழு உணவு அல்லாத மேல்தீனி எதுவானாலும் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. அதாவது 20, 25 கலோரி. தோல் நீக்கிய வெந்த கோழிநெஞ்சு என்றால் 15 கிராம். அவித்த முட்டை என்றால் மூன்றில் ஒரு பங்கு. நாம் தட்டில் அள்ளி வைப்பது இதைப்போல நாலைந்து மடங்கு இருக்கும்.

இன்னொன்று டாரின் என்ற சத்து. பூனை உடம்பு இதைத் தேவையான அளவுக்குத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. உணவில் வந்தே ஆக வேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை கெடும் என்பது 1975-இல் தெரிந்தது. இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பதை 1987-இல் டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இந்தச் சத்து அரிசியிலும் காய்கறியிலும் இல்லை. தயிர்சாதம் தின்றே அக்கிரகாரத்துப் பூனைகள் நன்றாக இருந்தனவே என்பவர்கள், அவை ராத்திரி பரணில் பிடித்த எலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கதவடைத்த மாடிவீட்டுப் பூனைக்கு எலியும் கிடையாது, பல்லியும் அபூர்வம்.

மீன் கடை

முதல் இடம் சாளைக்கு, அதாவது மத்திக்கு. விலை கட்டுப்படியாகும், சின்ன மீன் என்பதால் பாதரசம் சேர்வது குறைவு, பூனைக்கு வாசமும் பிடிக்கும். ஆனால் இரண்டு நிபந்தனை: வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது.

வேகவைக்கச் சொல்வது வெறும் கிருமிக்காக அல்ல. சாளை, நெத்தோலி வகை மீன்கள் பலவற்றில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பி1 வைட்டமினை உடைத்துவிடும். வாரக்கணக்காகப் பச்சை மீனையே தின்னும் பூனை முதலில் சாப்பாட்டைத் தள்ளும். பிறகு பின்கால் தள்ளாடும், கண்மணி விரிந்தே இருக்கும், கழுத்தை நிமிர்த்த முடியாமல் தாடை நெஞ்சைத் தொடும்படி குனிந்தே நிற்கும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு. தொடக்கத்திலேயே மருத்துவர் பி1 ஊசி போட்டால் நன்றாகத் தேறிவிடும். மீன் வெந்தால் அந்த நொதி அழிந்துவிடும் என்பதால் இத்தனை பாட்டையும் ஒரு கொதி மிச்சம் பண்ணும். கணவாயும் இதே பட்டியல்தான்.

தினமும் கூடாது என்பதற்குக் காரணம் வேறு. எண்ணெய்ச்சத்து மிகுந்த மீனையே நாள்தோறும் தின்று, ஈ வைட்டமின் போதாமல் போனால், உடம்பின் கொழுப்பு மஞ்சளாகி அழற்சி கண்டுவிடும். காய்ச்சல் வரும், குதிக்காது, முதுகையோ வயிற்றையோ தொட்டால் கத்தும். இது மீனைக் கொதிக்கவைப்பதால் போகிற கோளாறு அல்ல.

செய்முறை: தலை, குடல், செவுள், செதில் நீக்கிய சாளை. மூழ்கும் அளவு தண்ணீர். உப்பு, மஞ்சள், மிளகு எதுவும் வேண்டாம். குக்கரில் விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரைமணி நேரம். ஆறியபின் நடுமுள்ளை எடுத்து இரண்டு விரலிடையில் நசுக்கிப் பாருங்கள். மாவாகப் போனால் முள்ளோடு பிசைந்து வைக்கலாம், சுண்ணாம்புச்சத்தும் சேர்ந்து கிடைக்கும். ஒடிந்து குத்தினால் இன்னும் பத்து நிமிடம். சட்டியில் சாதாரணமாக வேகவைத்த மீன் என்றால் முள்ளை முழுக்க எடுத்துவிட்டே கொடுக்க வேண்டும். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். டாரின் தண்ணீரில் கரையும். பாதி சத்து அந்தச் சாற்றில்தான் நிற்கும். சரியாகத் தண்ணீர் குடிக்காத பூனைக்கு அதையே ஊற்றிவைத்தால் நக்கி முடித்துவிடும். ஒரு வேளைக்கு நடுத்தரச் சாளை ஒன்றில் பாதி போதும்.

அயிலையும் (கானாங்கெளுத்தி) சூரையும் இரண்டாம் இடம். இவை வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். அது கொதிக்கவைத்தாலும் போகாது, ஐஸில் திரும்பப் போட்டாலும் குறையாது. சாயங்காலம் விலை இறங்கும்போது ‘பூனைக்குத்தானே’ என்று வாங்கும் பழக்கத்தை இந்த இரண்டு மீனிலாவது விட வேண்டும். செவுள் பழுப்பாகி, கண் குழிந்து, அழுத்தின இடம் மேலே எழும்பாமல் பள்ளமாகவே நின்றால் நமக்கும் வேண்டாம், அதற்கும் வேண்டாம். பெரிய சூரையிலும் சுறாவிலும் பாதரசம் கூடுதல். சுறாவைப் பூனைத் தட்டுக்கு வாங்கவே தேவையில்லை.

குமரி மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்போது குளச்சல், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகு மீன் வராது, தூரத்துச் சரக்குதான் பெட்டியில் வந்து இறங்கும். 2018-இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்ற சோதனையில் எல்லைச் சாவடிகளில் ஃபார்மலின் (கெடாமல் வைக்கப் போடும் நச்சு ரசாயனம்) ஏறிய மீன்களைப் பிடித்தது இப்படிப்பட்ட ஒரு ஜூன் மாதத்தில்தான். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதைக் கண்டுபிடிக்கக் காகிதப் பட்டைச் சோதனை ஒன்றையே உருவாக்கியது. தடைக்காலத்தில் நாட்டுப்படகுக்காரர் கரையிலேயே விற்கும் சின்ன மீன் கிடைத்தால் அது நல்லது. கிடைக்காவிட்டால் அந்த இரண்டு மாதம் கோழிக்கு மாறிவிடலாம். பூனை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. கோபித்தாலும் இரண்டு வேளைதான்.

இலவசமாகத் தரும் தலையும் குடலும் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தூண்டிலில் பிடித்த சூரை, நெய்மீன் தலைகளில் தொண்டைக்குள் முள்கொக்கியோ, ஒரு சாண் நைலான் நரம்போ மிச்சம் இருக்கலாம். விரலை விட்டுத் தடவிப் பார்க்காமல் தலையை வைக்கக் கூடாது. நரம்பை விழுங்கிய பூனையின் குடல் அந்த நரம்பின்மேல் சுருங்கி மடிந்து அறுபடும். பெரும்பாலும் அறுவை செய்யாமல் பிழைக்காது. வாயிலோ பின்பக்கமோ நரம்பு நுனி தெரிந்தால் இழுக்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம். கழிசல் மீன் குவியலில் பேத்தை கிடப்பதும் உண்டு. அதன் ஈரலிலும் முட்டைப்பையிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் அழியாது, மூச்சையே நிறுத்திவிடும். உருண்டை வயிறும் கிளி அலகுபோன்ற பல்லும் உள்ள மீன் எதுவும் அந்தக் குவியலில் தென்பட்டால் குவியல் மொத்தமும் வேண்டாம்.

கருவாடும் டின்னும்

உப்புக் கருவாடு: வேண்டாம். எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே உப்பு இருக்கும். 10 கிராம் துண்டில் ஒரு கிராம் உப்பு என்று குறைத்துப் பிடித்தாலும், பூனைக்கு நாள் முழுவதும் தேவைப்படும் உப்பைப்போலப் பல மடங்கு. ஊறவைத்துத் தண்ணீர் மாற்றினால் குறையுமே தவிரப் பூனைக்கு ஆகும் அளவுக்கு இறங்காது. கருவாடும் உலர்தீனியுமாகத் தின்று தண்ணீர் குறைவாகக் குடிக்கும் ஆண்பூனைக்கு மூத்திரக்கல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. மண்தட்டில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழுந்தால் அது மலச்சிக்கல் இல்லை. அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும், மறுநாள் வரை தாங்காமல் போகலாம். உப்பில்லாமல் வெயிலில் மட்டும் காயவைத்த நெத்தோலி கிடைத்தால், ஒரு கொதி விட்டு இரண்டு மூன்று மீன் வைக்கலாம். வாங்கும்போது ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு தெரிந்துவிடும்.

டின் சூரையில் மூன்று வகை அலமாரியில் இருக்கும். வெறும் தண்ணீரில் போட்டது முதல்தரம். உப்புநீரில் போட்டதை வடித்து, சல்லடையில் ஒருமுறை அலசினால் எப்போதாவது ஆகும். எண்ணெயில் போட்டது வயிற்றைக் கழித்துவிடும். நாலாவதாக, மசாலாவோடு ‘கேரளா கறி’ என்று வரும் டின்னைத் தொடவே கூடாது. முதல் மூன்றிலும் பின்பக்க எழுத்தைப் படியுங்கள்: ‘காய்கறிச் சாறு’ என்று போட்டிருந்தால் அந்தச் சாற்றில் வெங்காயம் இருக்கலாம்.

மனிதருக்கான டின் சூரை எந்த வகையானாலும் பூனைக்கு முழு உணவு ஆகாது. டாரினும் ஈ வைட்டமினும் பூனைக் கணக்குக்குச் சேர்க்கப்பட்டிருக்காது. பூனைக்கென்றே விற்கும் டின்னில் அது சேர்ந்திருக்கும். சிக்கல் என்னவென்றால் சூரை ருசி பிடித்த பூனை வேறெதையும் முகராது. பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்காதீர்கள். குண்டுப்பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் வந்து படிந்து, காது உள்பக்கமும் ஈறும் மஞ்சளாகிவிடும். பழைய தீனியில் கால்பங்கு புதியதைக் கலந்து, ஏழு முதல் பத்து நாளில் மெல்ல மாற்ற வேண்டும்.

கோழிக்கடை, இறைச்சிக்கடை

கோழிக்கடையில் பூனைக்கு வாங்கத்தக்க சிறந்த சாமான் கறி அல்ல, இதயம். விலை மலிவு, டாரின் மிகுதி. நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியிலும் டாரின் கூடுதல். நான்கைந்து இதயத்தைச் சேர்த்து வேகவைத்துச் சிறிதாக நறுக்கி, சாற்றோடு உறையவைத்தால் ஒரு வாரத்துக்கு மேல்தீனி.

ஈரல் நல்லதுதான், ஆனால் அளவு தப்பினால் நோய். ஈரலில் ஏ வைட்டமின் மிக அதிகம், உடம்பு அதை வெளியேற்றாமல் சேர்த்துவைக்கும். மாதக்கணக்கில் ஈரலே தின்ற பூனைக்குக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிடும். தலையைத் திருப்பித் தன் முதுகை நக்க முடியாது, ரோமம் திரியாகிக் கிடக்கும். வாரம் ஒருமுறை கட்டைவிரல் அளவுத் துண்டு போதும், அதற்கு மேல் தேவையில்லை.

கோழி எலும்பு வெந்தபின் சில்லுச்சில்லாக உடையும், வைக்காதீர்கள். மாட்டிறைச்சி கொழுப்பு நீக்கி வெறுமனே வெந்தது மேல்தீனி அளவுக்குள் ஆகும். பொரித்து, தேங்காய்ச்சில்லும் உள்ளியும் போட்டு வறுத்தது ஆகாது. பரோட்டாக் கடை பார்சலில் மிஞ்சும் சால்னாவுக்கும் இதே தீர்ப்பு. கடையில் விற்கும் சாசேஜ், நகெட் வகைகளில் வெங்காயத்தூளும் பூண்டுத்தூளும் சாதாரணமாக இருக்கும். பாக்கெட்டில் ‘மசாலாப் பொருட்கள்’ என்று மொத்தமாகப் போட்டிருந்தால் உள்ளே அவை இருக்கின்றன என்றே எடுத்துக்கொள்வது நல்லது. 211 என்ற எண் போட்ட சோடியம் பென்சோயேட்டும், 1520 என்ற எண் போட்ட புரோப்பிலீன் கிளைக்காலும் பூனைக்கு ஒத்துக்கொள்ளாத சேர்மானங்கள். முன்னதைப் பூனையின் ஈரல் எளிதில் கழிக்காது. பின்னது சிவப்பணுவைச் சேதப்படுத்தும். பூனைத் தீனியில் இந்தக் கிளைக்காலைச் சேர்க்க அமெரிக்கா 1996-இல் தடையே போட்டது.

உள்ளி

இந்த மதிப்பீட்டில் மிகக் குறைந்த மதிப்பெண் சாக்லேட்டுக்கு இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். எல்லைக்காரர் வீட்டில் அந்த இடம் சின்ன உள்ளிக்கு. சாக்லேட் எப்போதோ வீட்டுக்குள் வருவது, உள்ளி மூன்று வேளையும் சட்டியில் கிடப்பது.

உள்ளி, பெரிய வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எல்லாம் ஒரே இனம். இவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுவுக்குள் போய் ஹீமோகுளோபினைத் தாக்கும். தாக்குதலுக்கு இடம்கொடுக்கும் கந்தகக் கண்ணிகள் மனித ஹீமோகுளோபினில் இரண்டு, நாயில் நான்கு, பூனையில் எட்டு. அதனால்தான் நாய் தாங்கும் அளவைப் பூனை தாங்காது. சேதமான ஹீமோகுளோபின் சிவப்பணுவின் ஓரத்தில் சிறு புடைப்பாகத் திரளும். உடம்பு அந்த அணுவைக் கெட்டதென்று அழித்துவிடும். பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயம் போனாலே இரத்தத்தில் மாற்றம் தெரியும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. நம் 4 கிலோ பூனைக்கு 20 கிராம். உரித்த சின்ன உள்ளி இரண்டு மூன்று சேர்ந்தால் அவ்வளவு வந்துவிடும். பூண்டு எடைக்கு எடை இன்னும் கடுமை.

வதக்கினாலும் வேகவைத்தாலும் உலர்த்தினாலும் இந்த நஞ்சு போகாது. தூளாக்கினால் செறிவு இன்னும் கூடும். அரைக்கிலோ மீனுக்குப் பத்து உள்ளி அரைத்துப் போட்ட கறியை எடுத்துக்கொள்ளுங்கள். 80 கிராம் உள்ளி அதில் இருக்கிறது. எட்டில் ஒரு பங்கு கறியைச் சோற்றில் பிசைந்து வைத்தால் பூனைக்கு ஒரு வேளைக்குப் பத்து கிராம். மறுநாளும் அதே கறி சுண்டி வரும், அதே பங்கு போகும். ‘மசாலாவைக் கழுவிவிட்டுத்தான் கொடுக்கிறோம்’ என்பதும் உதவாது. சாறு சதைக்குள் ஏறிவிட்ட பிறகு மேலே கழுவி என்ன பயன்? உள்ளித் தீயல், மீன் அவியல், ரசவடைக்கு அரைத்த சட்னி எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும்.

ஏமாற்றுவது கால இடைவெளி. தின்ற அன்று லேசாக வாந்தி இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். சோர்வும் வெளுப்பும் வர இரண்டு மூன்று நாள், சிலசமயம் இன்னும் அதிகம் ஆகும். ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போகும்போது வீட்டில் யாருக்கும் போன வாரக் கறி ஞாபகம் வராது. மருத்துவரிடம் போகும்போது கடந்த ஐந்தாறு நாளில் பூனை தின்ற ‘நம்ம சாப்பாடு’ அத்தனையும் சொல்லுங்கள். இரத்தப் படலத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தப் புடைப்பு தெரியும்.

புளியைப் பற்றி ஒரு வார்த்தை. திராட்சையால் நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதாவது பல காலமாகத் தெரிந்தது. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்ற கருத்து 2021-இல் வந்தது. புளி தின்ற நாய்களுக்கும் அதே பழுது வந்ததை 2022-இல் வெளியான கட்டுரை பதிவு செய்தது. இவை நாயில் கண்டவை. பூனைக்கும் திராட்சை, கிஸ்மிஸ், புளி மூன்றையும் விலக்குவதே புத்தி. குடம்புளியின் முதன்மை அமிலம் வேறு. அதற்காகக் குடம்புளிக் கறியைத் தட்டில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளி அதிலும் இருக்கிறதே.

பால், முட்டை, கிழங்கு, பழம்

பசும்பாலுக்குப் பாதி மதிப்பெண்கூடத் தர முடியாது. தாய்ப்பால் மறந்தபின் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடும். பால் குடித்த சில மணி நேரத்தில் வயிறு இரைந்து கழிச்சல் போவது அதனால்தான். கழியாத பூனையும் உண்டு, அதற்கு ஒரு மேஜைக்கரண்டி பரவாயில்லை. புளித்த கெட்டித் தயிர் இன்னும் லேசு. தாயில்லாக் குட்டிக்குப் பசும்பால் அறவே கூடாது, குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவுதான்.

முட்டை நல்ல சரக்கு: உப்பில்லாமல் அவித்தது, மூன்றில் ஒரு பங்கு. பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் பயோட்டினைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கூடவே சால்மோனெல்லா பயமும் இருக்கிறது. வெந்த சோறு நஞ்சல்ல, மீனோடு ஒரு பிடி போனால் செரிக்கும். ஆனால் அது வயிற்றை நிரப்பிச் சத்தை விரட்டும் பண்டம். மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) வேகவைத்து நீர் வடித்தபின் ஒரு துண்டு விழுந்து தின்றால் பயமில்லை. பச்சைக் கிழங்கு, அதன் தோல், இலை மூன்றிலும் சயனைடு விடுவிக்கும் பொருள் இருப்பதால் தோல் சீவிய முறத்தைப் பூனை நடமாடும் இடத்தில் வைக்க வேண்டாம். தேங்காய்ப்பால் கொழுப்பு மிகுந்தது, கழியவைக்கும். ஏத்தன் பழம், மட்டிப்பழம் ஒரு துண்டால் கேடு இல்லை, லாபமும் இல்லை. ஆப்ப மாவுக்கு ஈஸ்ட் போட்டிருந்தால் பாத்திரத்தை மூடி வையுங்கள். பச்சை மாவு வயிற்றுக்குள் பொங்கி, சாராயமும் உண்டாக்கும்.

பேக்கரி

முட்டை பப்ஸில் முட்டையைச் சுற்றி இருப்பது வதக்கிய வெங்காயம். கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் கிஸ்மிஸ், ஜாதிக்காய், சிலதில் ரம். ஏத்தங்காய் சிப்ஸில் உப்பும் எண்ணெயும். பூனைக்கு வாங்கத்தக்கது ஒன்றுமே இல்லாத கடை இது.

சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினும் காபினும் இதயத்தை விரட்டும். ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராமில் வாந்தி, பதற்றம் தொடங்கும், 40, 50-க்குப் போனால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், 60-இல் வலிப்பு. இவை நாயில் கண்ட அளவுகள், பூனைக்கும் இதையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். நம் 4 கிலோ பூனைக்கு முதல் கட்டம் 80 மில்லிகிராம். பால் சாக்லேட் என்றால் 35 கிராம் தின்றால்தான் அவ்வளவு வரும். கோகோ தூள் என்றால் ஒரு தேக்கரண்டி போதும். பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது, அந்த ருசிக்கான மரபணு செயலிழந்தது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். அது கேக்கைத் தேடி வருவது மேலே உள்ள வெண்ணெய்க்கும் கிரீமுக்கும்தான். காப்பித்தூள் வடிகட்டியில் மிஞ்சும் சக்கையும் திறந்த குப்பையில் கிடக்கக் கூடாது.

சாப்பாடு இல்லாவிட்டாலும் இதையும் சேர்க்க வேண்டும்: பூனைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறதென்று பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொல்லும்.

தின்றுவிட்டால்

என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பூனை எடை என்ன? இந்த நான்கையும் குறித்துக்கொண்டு, பாக்கெட் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரை அழையுங்கள். வாந்தி எடுக்கவைக்க உப்புத்தண்ணீர் புகட்டக் கூடாது, உப்பே நஞ்சாகும். நாய்க்குச் சிலர் கொடுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பூனையின் இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசியவைக்கும். தேங்காயெண்ணெய் ஊற்றும் கைவைத்தியம் நஞ்சை முறிக்காது; திமிறும்போது எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவில் முடியும்.

பூனைத் தீனி சில்லறையில்

கடைசியாக, மார்த்தாண்டம் பக்கத்துச் செல்லப்பிராணிக் கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்துக் கிலோக்கணக்கில் எடைபோட்டுத் தரும் உலர்தீனி. விலை குறைவு என்பதால் நன்றாக ஓடுகிறது. தீனி கெட்டதல்ல, பை கெட்டது. கண்ணாடிப் பையில் தயாரித்த தேதி இல்லை, முடிவுத்தேதி இல்லை, ‘முழுமையான உணவு’ என்ற வாசகமும் இல்லை. அது வளர்ந்த பூனைக்கானதா குட்டிக்கானதா என்பதும் தெரியாது. இந்த ஈரக்காற்றில் திறந்த மூட்டையின் கொழுப்பு வெகுசீக்கிரம் காறும். வாங்கும் முன் மூல மூட்டையைக் காட்டச் சொல்லித் தேதியைப் பாருங்கள், கையில் நாலு மணி எடுத்து முகருங்கள். பழைய எண்ணெய்ச்சட்டி நாற்றம் வந்தால் வேண்டாம். ஒரு 4 கிலோ பூனைக்கு நாளைக்கு 50, 60 கிராம்தான் செலவாகும் என்பதால் ஒரு கிலோ சீல் பாக்கெட் இரண்டு வாரம் தாண்டி வரும். வாயை மடித்துக் கிளிப் போட்டு, பாக்கெட்டோடு காற்றுப்புகாத டப்பாவுக்குள் வைக்க வேண்டும். டப்பாவில் தீனியை நேராகக் கொட்டினால் அடியில் படிந்த பழைய கொழுப்பு புதிய தீனியையும் கெடுக்கும்.